கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்ட மனுசி

என் சமையலைக் குறை சொன்ன ஆள் இந்த யாழ்ப்பாணத்தில் இன்னும் பிறக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அரியாலையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட என் வீட்டில், என் மேசையில் இருந்து, பதினொரு நாள் என் கையால் சாப்பிட்டுவிட்டு, கிட்டத்தட்ட ஒவ்வொரு வேளையும் "இல்லை" என்று தலையாட்டிய ஒரே ஆள் அந்த மனுசிதான். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெயர் எழுதப் போவதில்லை. எழுதலாம் என்றாலும் அது என் வாயில் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. போர்த்துக்கல்காரி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான உடம்பு, குட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர், முதுகில் அவரின் அரைவாசி உயரத்துக்கு ஒரு பை. வெளிநாட்டில் இருந்து பையோடு வருகிறவர்களுக்கென்று வீட்டின் பக்கத்தில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தோம். அதற்கு வந்தவர். வந்த முதல் நாள் "கதிரையிலை இருங்கோ" என்று நான் சொன்னதும், என் மகள் இங்கிலீசில் சொல்லிக் கொடுக்க முன்னமே இருந்துவிட்டார். அவரின் பாசையிலும் அது கதிரைதானாம். மேசையும் அப்படித்தானாம், ரொட்டிக்கு நாங்கள் சொல்கிற பாணும் அப்படித்தானாம். அந்த மூன்று சொல்லையும் வைத்துக்கொண்டே முதல் நாளை ஓட்டினோம்.

மிச்சத்தை மகள் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். கம்பசில் படிக்கிறவள், அப்போது விடுமுறையில் வீட்டில் நின்றாள். மனுசி தன் ஊரில், கடலோரப் பட்டினம் ஒன்றில், தங்கச்சியோடு சேர்ந்து சாப்பாட்டுக்கடை நடத்தியவர். சமையல் முழுக்க அவரின் பொறுப்பு. உலகம் முழுக்க வந்த அந்தக் காய்ச்சல் அவருக்கும் வந்து, நாக்கின் ருசியையும் மூக்கின் மணத்தையும் கொண்டு போய்விட்டது. எங்கள் வீட்டிலும்தான் போனது. எங்களுக்கு இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. அவருக்கு மூன்று வருடமாகியும் வரவில்லை. ஒருநாள் ஒரே குழம்பில் இரண்டு தரம் உப்பைப் போட்டுவிட்டாராம். சாப்பிட வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு எழும்பிப் போனார்களாம். அன்றோடு அடுப்படியை விட்டு வெளியே வந்தவர், பிறகு ஊரை விட்டும் வெளிக்கிட்டுவிட்டார்.

"அவ தெரிஞ்ச சாப்பாடு சாப்பிட மாட்டாவாம் அம்மா. தெரிஞ்ச சாப்பாடெண்டால் ஞாபகம் வந்து ஏமாத்துமாம். நாக்குக்குத் தெரியுதோ, பழைய ஞாபகமோ எண்டு பிரிக்கேலாதாம். முன்பின் தெரியாத சாப்பாட்டிலை ஏதும் தெரிஞ்சால் அது உண்மையாத்தான் இருக்குமாம். அதுதான் நாடு நாடாய்த் திரியிறா."

"எத்தினை நாடு திரிஞ்சவவாம்?"

"அஞ்சு. எங்கடை ஆறாவது, இதுதான் கடைசியாம். இஞ்சையும் ஒண்டும் தெரியேல்லை எண்டால், வேறை சமையல்காரரைப் பிடி எண்டு தங்கச்சிக்குச் சொல்லப்போறாவாம். அதுக்குப் பிறகு சமைக்கிறதில்லையாம்."

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் பொய். சவால்தான் வந்தது. ஐந்து நாட்டுக்காரர் செய்ய முடியாததை என் அடுப்படி செய்யும் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன்.

அவர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். இடது கையை மேசையில் விரித்து வைப்பார். கண்ணை மூடுவார். முதல் வாயை மெதுவாக மென்று, விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். நானும் மகளும் என் வீட்டுக்காரரும் மூச்சுக் காட்டாமல் நிற்போம். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து "இல்லை" என்பார். அவர் படித்த முதல் தமிழ்ச் சொல் அது. சொல்லிவிட்டு, பீங்கானில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடிப்பார். காலையில் சீனி போடாத கோப்பி குடிப்பார். அதுவும் அவருக்குச் சுடுதண்ணிதானாம்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைப் பற்றி இப்படிக் கதைப்பதில்லை. என் மாமியின் தங்கச்சி சுடுகிற வடையை நாய்க்கு எறிந்தால் நாய்க்குக் காயம் வரும். அதையே முப்பது வருடமாக "நல்லாயிருக்கு மாமி" என்று சொல்லிச் சொல்லித்தான் சாப்பிட்டு வருகிறேன். இந்த மனுசிக்கு அந்த மரியாதைகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் தேங்காய்ப்பால் விட்ட பாகற்காய்க் கறிக்கும் "இல்லை" என்றபோது பொறுக்க முடியவில்லை. பாகற்காயையே கைக்காமல் சமைக்கிறவள் நான்.

"ஒருக்கா நல்லாயிருக்கு எண்டு சொன்னால் வாய் தேஞ்சு போமோ எண்டு கேள் பிள்ளை."

மகள் கொஞ்சம் சீனி தடவித்தான் கேட்டிருப்பாள். மனுசி கோபிக்கவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, ஆறுதலாகப் பதில் சொன்னார்.

"பொய் சொல்லப் பழகினால், உண்மையாய் ஒருநாள் ருசி வரேக்கை தனக்கே தெரியாமல் போடுமாம் அம்மா. அதுதான் பயமாம்."

நான் அவரின் பீங்கானில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, கடல்நீரேரியில் மீன்பிடி. மனுசியின் கதை தெரிந்ததில் இருந்து, பிடித்ததில் நல்லதெல்லாம் சந்தைக்குப் போகாமல் வீட்டுக்கு வரத் தொடங்கியது. கணவாய் வந்தது, திருக்கை வந்தது. ஒருநாள் உள்ளங்கை அகலத்துக்கு நண்டு கொண்டு வந்து போட்டார்.

"இஞ்சாரும், கறித்தூளைத் தாராளமாய்ப் போடும். நாக்கு எழும்பட்டும்."

போட்டேன். மனுசி சாப்பிட்டார். காது சிவந்தது, மூக்கால் ஓடியது, கண்ணால் பொலபொலவென்று கொட்டியது. இவர் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டார்.

"வந்திட்டுது. எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

மனுசி மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதற்குள் தான் படித்து வைத்திருந்த தமிழில் சொன்னார். "சுடுது. ருசி இல்லை."

உறைப்பு என்பது ருசியில்லையாம், நோவாம். நோவு தனக்கு எப்போதும் தெரியுமாம். இவர் திரும்பவும் கதிரையில் இருந்தார்.

டவுனுக்கும் கூட்டிக்கொண்டு போனோம். பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது பத்து வயதில் வெளிக்கிட்டவர், வளர்ந்து திரும்பி வந்து அந்தக் கடையைத் திறந்தார். அவரின் உம்மா முட்டையும் சர்க்கரையும் போட்டு அவிக்கிற வட்டிலப்பத்துக்கு நான் போட்டி போட மாட்டேன், அது வேறு விசயம். அதை அவரே கொண்டு வந்து மனுசியின் முன்னால் வைத்தார். மனுசி கையை விரித்து வைத்தார், கண்ணை மூடினார், திறந்தார், "இல்லை" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நானாவிடம் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"விடுங்கோ அக்கா, பொய் சொல்லேல்லைதானே. புத்தளத்திலை இருவது வருசத்துக்கு மேலை இருந்தனான். இதே உம்மா, இதே கை. எனக்கு ஒண்டும் வாயிலை பிடிபடேல்லை. இஞ்சை வந்து கடை துறந்து மூண்டாம் மாசம், உந்த வாசல்லை நிண்டு பிளேன்ரீ குடிக்கேக்கைதான் ருசி தெரிஞ்சுது. ஏன் அண்டைக்கு எண்டு எனக்கே தெரியாது. அவவிட்டைச் சொல்லுங்கோ."

மகள் சொன்னாள். மனுசி அவரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். வட்டிலப்பத்தையும் வழித்துச் சாப்பிட்டார்.

ருசி தெரியாத ஆள் என்றாலும் அவர் சமையல்காரி என்பதை நான் என் கண்ணால் கண்டேன். ஒருநாள் நான் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்து வெங்காயம் உரித்தார். நான் கறிவேப்பிலையைக் கையில் எடுக்கவும், அவர் திரும்பிப் பாராமலே கையை உயர்த்தி, பொறு என்று மறித்தார். கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை இறக்கினார். போட்டேன். அந்தத் தாளிதம் என்னுடையதை விட ஒரு பிடி திறம். நான் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

ஏழாம் நாள், எங்களுக்குத் தான் சமைக்கப் போவதாகச் சொன்னார். நான் திகைத்துப் போனேன். தன் அடுப்படியை விட்டு வந்த நாளில் இருந்து அகப்பை தொடாத மனுசி. இவர் கொண்டு வந்த மீனையும் தக்காளியையும் அரிசியையும் போட்டுத் தங்கள் ஊர் முறையில் ஒரு சோறு. கை தடுமாறவில்லை. கடைசியில் அகப்பையில் ஒரு சொட்டு எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்காக ருசி பார், என்றார்.

வாயில் விட்டேன். நல்லாயிருக்கு என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. முப்பது வருடப் பழக்கம் இல்லையா. அவர் என் முகத்தையே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் புள்ளி வாசிக்கும்போது பிள்ளைகள் பார்ப்பதைப் போல.

"உப்புக் காணாது. புளிப்புக் கூடிப்போச்சு. சொல்லு பிள்ளை."

"அம்மா, பாவம் அவ."

"அப்பிடியே சொல்லு எண்டுறன்."

சொன்னாள். மனுசி அன்றுதான் எங்கள் வீட்டில் முதல் தரம் வாய் விட்டுச் சிரித்தார். என் கையைப் பிடித்தவர் விடவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அவர் சமைத்த ஒவ்வொரு சட்டிக்கும் தங்கச்சி முதல் எல்லோரும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார்களாம், அந்த உப்புக் குழம்பு நாள் வரைக்கும். உண்மை சொன்ன முதல் ஆள் நானாம். உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டுச் சரிப்படுத்தினோம். அன்றைக்கு அவரில் எனக்கு இருந்த கோபம் அரைவாசியாகக் குறைந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்து இருந்துகொண்டது. இந்த மனுசிக்கு ஏதாவது ஒன்று தெரிந்துவிட வேண்டும் என்ற தவிப்பு.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆவணி மாதம், பனம்பழம் விழுகிற காலம். விடியவே எழும்பிப் போனால், விழுந்து கிடக்கிற பழம் முதலில் கண்டவருக்கு. இவர் வலை பார்த்துவிட்டு வரும் வழியில் சைக்கிள் கரியரில் நாலு பழம் கட்டிக்கொண்டு வந்தார். நான் தோலை உரித்து, பிசைந்து களி எடுத்து, துணியில் வடித்து, சீனி போட்டுக் காய்ச்சி, மா சேர்த்துப் பனங்காய்ப் பணியாரம் சுட்டேன். ஒரு கைக்குள் மூன்று அடங்குகிற அளவில் உருண்டை. மற்ற நாளென்றால் களியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருப்பேன். வெள்ளிக்கிழமை சாமிக்குப் படைக்கிற பலகாரத்தை, படைக்க முன்னம் ருசி பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை, என் மூக்குக்குப் பதம் தெரியும் என்று இருந்தேன். மணம் தெருவுக்குப் போனது. படைத்தேன், கும்பிட்டேன், முதல் பீங்கானை மனுசிக்கு வைத்தேன்.

இடது கையை விரித்து வைத்தார். கண்ணை மூடினார். மென்றார். விரித்திருந்த கை மெல்ல மடிந்தது. ஒன்பது நாளில் அந்தக் கை ஒருநாளும் மடிந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் தன் வாயில் இருந்ததைத் துப்பினாள். "அம்மா, கைக்குது."

நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அடிநாக்கு வரைக்கும் இறங்குகிற கைப்பு. இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் மாடு மேய்கிற தரவையோரம் ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறது. அதன் பழம் கைக்கும். மாடு வைத்திருப்பவர்கள் மட்டும்தான் அதைப் பொறுக்குவார்கள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அன்று இவருக்கு முன்னமே யாரோ மற்ற மரங்களின் கீழ் எல்லாம் பொறுக்கிவிட்டிருக்கிறார்கள். "மற்ற மரத்துப் பழம் காத்துக்கு உருண்டு வந்து கிடக்காக்கும் எண்டு எடுத்திட்டன்" என்றார்.

கைக்கிற பணியாரத்தைச் சாமிக்குப் படைத்து, வீட்டுக்கு வந்த ஆளுக்கும் வைத்திருக்கிறேன். பீங்கானை எடுக்கப் போனேன். மனுசி என் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணைத் திறந்தார். முகம் முழுக்கக் கோணி இருந்தது. நாக்கை நீட்டி, அதன் அடியை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டு தன் பாசையில் ஏதோ சொன்னார். பிறகு இங்கிலீசில் சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?"

"அவவுக்கும் கைக்குதாம் அம்மா."

ஒன்று, இரண்டு என்று ஆறு பணியாரம் சாப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தார், சுளித்துவிட்டுச் சிரித்தார், திரும்பவும் எடுத்தார். உறைப்புக்குக் கண்ணீர் விட்டபோதுகூட அவரின் முகம் கோணி நான் பார்த்ததில்லை.

ஆனால் பின்னேரம் ஆள் அப்படியே அடங்கிப் போனார். அறையில் போய்ப் படுத்துவிட்டார். மகள் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"நம்பேலாமல் கிடக்காம். நான் துப்பினதைக் கேட்டும் உங்கடை முகத்தைப் பாத்தும் மூளைதான் கைக்குது எண்டு சொல்லிச்சுதோ தெரியேல்லையாம். இதை நம்பித் தங்கச்சிக்கு எழுதேலாதாம். நாளைக்கு இன்னொருக்காச் செய்து தருவீங்களோ எண்டு கேக்கிறா. கைக்கிறதும் வேணுமாம், கைக்காததும் வேணுமாம். எது எதெண்டு சொல்லக் கூடாதாம்."

நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தெரியாமல் செய்தது வேறு. தெரிந்துகொண்டு, என் கையால், என் தாச்சியில், கைக்கிற பணியாரம் சுடுவதா? என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் கையை முறித்திருப்பார். அதோடு இன்னொரு பயமும் இருந்தது. நாளைக்கு அவர் பிழையாகச் சொல்லிவிட்டால், இருக்கிற இந்தக் கொஞ்ச நம்பிக்கையையும் நானே பறித்ததாகிவிடும். ஆனாலும் பொய்யைச் சாப்பிட மாட்டேன் என்று ஐந்து நாடு திரிந்த மனுசிக்கு, நான் பயந்து ஒளிப்பது சரியில்லை என்று பட்டது. வெளியே வந்து இவரிடம் சொன்னேன்.

"விடிய அந்தப் பனையடிக்குப் போட்டு வாங்கோ. நல்ல மரத்திலையும் ரெண்டு எடுங்கோ. கலந்து போடாதையுங்கோ."

அடுத்த நாள் இவர் ஒற்றைப் பனையின் கீழ்க் குனிந்து பொறுக்குவதைப் பக்கத்து வளவுக்காரர் கண்டுவிட்டார்.

"என்ன அண்ணை, மாடு வாங்கிட்டியளோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தாராம்.

இரண்டு சட்டியில் இரண்டு களி. ஒரே மா, ஒரே சீனி, ஒரே எண்ணெய், ஒரே அளவு. இரண்டிலும் நாலு நாலு. மகள் எட்டையும் கலந்து ஒரு பெரிய பீங்கானில் வைத்தாள், பக்கத்தில் இரண்டு வெறும் பீங்கான். கைக்கிறது இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் என்று பேச்சு. மனுசி லேஞ்சியால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டார். அப்படியும் எங்கள் மூச்சுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, நாங்கள் மூன்று பேரும் கதிரையைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். யாராவது அந்த நேரம் வந்திருந்தால் எங்களுக்கு மூளை தட்டிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பின்னால் மெல்லுகிற சத்தம். பீங்கானில் வைக்கிற சத்தம். தண்ணீர் குடிக்கிற சத்தம். இவர் தன் பாட்டில் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவதில் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு வைத்தார். எட்டும் முடிந்து "அக்கா" என்று கூப்பிட்டார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

திரும்பினோம். இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு. எல்லாம் ஒரு கடி கடித்தவை, எல்லாம் ஒரே நிறம். பார்த்துச் சொல்ல வழியில்லை. லேஞ்சியை அவிழ்க்காமலே என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தார். ருசி பார்க்க வேண்டியது நான்தான்.

வலப்பக்கத்தில் இருந்து தொடங்கினேன். ஒவ்வொன்றிலும் கிள்ளி வாயில் போட்டேன். ஒன்று இனிப்பு. இரண்டு இனிப்பு. மூன்று, நாலு, என் பணியாரம்தான், ஊரே கேட்டு வாங்குகிற பணியாரம். அதை அவர் ஒன்றுமில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார். பிறகு இடப்பக்கம். முதலாவது கைத்தது. இரண்டாவது கைத்தது. மூன்றாவதும். நாலாவதைக் கிள்ளி வாயில் வைத்தேன்.

"எட்டும் சரி எண்டு சொல்லு பிள்ளை" என்றேன்.

மகள் சொன்னாள். மனுசி லேஞ்சியை அவிழ்த்து, முகத்தை ஒரு தரம் துடைத்துவிட்டு, மேசையில் கிடந்த போனை எடுத்தார். எண்ணெய் விரலோடு ஏதோ எழுதி அனுப்பினார். அனுப்பிய கையோடு இடப்பக்கப் பீங்கானை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சிக்குத்தானே? என்ன எழுதினவவாம்?" என்று இவர் கேட்டார்.

மகள் இங்கிலீசில் விசாரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தன்ரை சமையல் கத்தியைத் தீட்டி வைக்கட்டாம் அம்மா."

எனக்கு வாய் முழுக்கக் கைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கைப்போடே நின்று அழுதேன்.